ரோனாவின் தொட்டி

காலை ஒன்பதே கால் இருக்கும். தன் சைக்ளமென் பூச்செடித் தொட்டியின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த பெரில், வில்ஃப் மில்பர்ன் முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு செடிக் கண்காட்சி நடக்கும் பள்ளிக்கூட ஹாலுக்குள் வருவதைப் பார்த்தாள். வெளியே மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. அவர் கோட்டுப் பித்தானை அவிழ்த்து, அதன் ஒரு பக்கத்தைக் கையிலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்த்தியிருந்தார். மனிதர் தெப்பலாக நனைந்திருந்தார். பெட்டி நனையவில்லை. அதற்குள் என்ன இருக்கிறதென்று திறக்காமலே பெரிலுக்குத் தெரிந்தது. துணியைக் கீழே வைத்தாள். மனசில் எழுந்தது துக்கம்தானா என்று கிளறிப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

வில்ஃபின் மனைவி ரோனா நவம்பரில் இறந்துபோனாள். பெட்டிக்குள் இருந்த டயோனிசியாவைப் பதினாறு வருடம் வளர்த்தவள் அவள். ஈரானியப் பாறை இடுக்குகளில் பிறந்த செடி. வருடம் முழுக்கப் பச்சை நிறத்தில் ஒரு மெத்தைபோலக் கிடக்கும். பிப்ரவரி வந்தால் ஒரு இலைகூடத் தெரியாமல் மஞ்சள் பூவால் மூடிக்கொள்ளும். வட இங்கிலாந்தில், நார்தம்பர்லாந்தின் ஈரக் குளிரில் அதைக் கண்ணாடிக் குடிலுக்குள் காப்பாற்றுவதே பெரும்பாடு. பலரிடம் இரண்டு குளிர்காலம் தாங்காது. ரோனாவிடம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்திருந்தது. கடைசி ஏழு கண்காட்சியில் ஐந்து முறை பதக்கம் அதற்குத்தான். அந்த ஐந்து முறையும் இரண்டாமிடம் பெரிலின் சைக்ளமெனுக்கு. "அழகாத்தான் இருக்கு பெரில். பாவம், என் பக்கத்துல கொண்டு வந்து வெச்சுட்டே" என்று ரோனா சிரிப்பாள். புயலில் பெரிலின் குடில் நொறுங்கிய மறுநாள், காலைக் காப்பிக்கு முன்னாலேயே கார் நிறையக் கண்ணாடிப் பலகைகளோடு வந்து நின்றவளும் அதே ரோனாதான். இரண்டையும் ஒன்றாக நினைக்க பெரிலுக்கு இன்னும் பழகவில்லை.

"ஏம்மா பெரில், இதை எங்க வைக்கணும்?"

"வில்ஃப், நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டுப் போனா. பிப்ரவரி ஷோவுக்குக் கொண்டு போ, பிரேக்கை மெதுவா அமுக்குன்னு. முப்பத்தெட்டு வருஷம் கல்லு லாரி ஓட்டினவன்கிட்ட!"

பெரில் கண்காட்சி நடத்தும் சங்கத்தின் செயலாளர். செடி ஒரு வருடமாவது போட்டியாளரின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். வில்ஃபின் கையில் அது இருந்தது மூன்றே மாதம். நேர்மையான வழி ஒன்று இருந்தது. 'பார்வைக்கு மட்டும்' என்று ஒரு அட்டை எழுதி வைத்துவிடலாம். அவள் அதைச் சொன்னாள்.

வில்ஃபின் முகம் சுருங்கியது. "போட்டின்னுதான் சொன்னா. சும்மா பார்க்கறதுக்குன்னா வீட்லயே பார்த்துக்கலாமே."

பார்வைக்கு மட்டும் என்றால் இந்த வருடம் பதக்கம் யாருக்கு என்பது பெரிலுக்குத் தெரியும். அந்த யோசனை தனக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதும் தெரிந்தது. மேசைக்குப் போய் விண்ணப்பக் கோப்பைப் புரட்டினாள். ரோனாவின் படிவம் இருந்தது. அக்டோபரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எழுதியிருப்பாள்போல, கையெழுத்து கோடு தாண்டி மேலே ஏறியிருந்தது. பெரில் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அட்டையை எடுத்து, பதினாறு வருடம் பராமரித்தவள் பேரையே, 'ரோனா மில்பர்ன்' என்று எழுதினாள்.

தேநீர் மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நார்மா எட்டிப் பார்த்தாள். "செத்துப்போனவங்க போட்டி போடலாமா?"

"உசிரோட இருக்கணும்னு விதியில எங்கயும் எழுதல. வேணும்னா படிச்சுப் பாரு."

பெட்டியைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் சுற்றிக் கூடினார்கள். அப்படி ஒரு மஞ்சள். பெரில் இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கினாள். கல்போலக் கனத்தது. இந்த அளவுத் தொட்டி இவ்வளவு கனக்கக் கூடாது. குனிந்து பின்பக்கம் பார்த்தாள். விளிம்போரம் ஒரு கைக்கடிகார அளவுக்குப் பூவே இல்லை. பழுப்பு. சுண்டுவிரலால் தொட்டாள், உள்ளே அமுங்கியது.

அவள் வில்ஃபைச் சுவரோரம் கூட்டிப்போனாள்.

"எப்படித் தண்ணி விட்டீங்க?"

"அவ பூவாளியாலதான். தினமும் காலைல மேலாக, மெதுவா. எதாச்சும் பேசிக்கிட்டே ஊத்துவேன். ஏன்?"

குளிர்காலம் முழுக்க அந்த மெத்தைமேல் ஒரு சொட்டு விழ ரோனா விட்டதில்லை. தொட்டி புதைந்திருக்கும் மணலுக்கு மட்டும் தண்ணீர் விடுவாள், அதுவும் எப்போதாவது. பக்கத்தில் போகவே வில்ஃபை விடமாட்டாள். அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? பெரில் சொல்லியிருக்கலாம். அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவள் ஒரு முறைகூடப் போகவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் அந்த வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறாள். நின்றால் செடியைப் பார்க்க வேண்டிவரும், பார்த்தால் மனசு எதை விரும்புமோ என்ற பயம். ஒரு நாள் உள்ளே போயிருந்தாலும் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

"அழுகுது வில்ஃப். இப்பவே பிரிச்சு, கெடாத கொழுந்தா எடுத்து மணல்ல நட்டா ரெண்டு மூணு பொழைக்கும். இது அதுக்கான மாசம் இல்ல, ஆனாலும் பொழைக்கும். மேசைல வெச்சா சாயங்காலம் வரைக்கும் இந்தக் கூட்டத்தோட மூச்சுக்காத்து. அழுகல் இன்னும் பரவும்."

அவர் செடியைப் பார்த்தார். மூன்று பேர் அதைச் சுற்றிப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சாயங்காலம் பிரிச்சா?"

"கம்மியாத்தான் பொழைக்கும். ஒண்ணுமே பொழைக்காமயும் போகலாம்."

"அப்ப வை" என்றார் வில்ஃப். "ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

பெரில் கெட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி தொட்டியைத் திருப்பி வைத்தாள். எல்லோரும் அப்படித்தான் நல்ல முகத்தை முன்னால் காட்டி வைப்பார்கள், அதில் தப்பொன்றுமில்லை. இருந்தாலும் அவள் வில்ஃப் பக்கம் திரும்பாமல் தன் மேசைக்குப் போனாள்.

பத்தரைக்கு நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்ச்சி ஹெட்லிக்கு எழுபத்தொன்பது வயது. பூவைவிடத் தொட்டியின் முதுகைப் பார்ப்பவர் என்று பேர். டயோனிசியாவின் முன் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, இரண்டு கையாலும் மெல்லத் திருப்பினார். பிறகு, கோப்போடு பின்னால் நின்ற பெரிலை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஆர்ச்சி தொட்டியைப் பழையபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். மற்ற இருவரோடும் தலை சேர்த்துக் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார். பதக்கத்துக்கான சிவப்பு அட்டை பெரிலின் சைக்ளமெனுக்குப் போனது. ரோனாவுக்கு நீல அட்டை, இரண்டாமிடம்.

இந்த நாளைப் பெரில் எத்தனையோ தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அதில் ரோனா எப்போதும் பக்கத்தில் நின்று உதட்டைப் பிதுக்குவாள். இப்போது ஆட்கள் வந்து கைகுலுக்கினார்கள், நார்மா கன்னத்தில் முத்தமிட்டாள். பெரில் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். வில்ஃப் கடைசியில் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து டயோனிசியா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அவ இருந்திருந்தா ஒரு வாரம் உன்னைத் திட்டியிருப்பா. சாப்பாடு பரிமாறும்போதுகூட நிறுத்தியிருக்க மாட்டா" என்றார். "நல்லாருக்கும்மா உன் பூ. நிஜமாவே."

அன்று முழுக்க அவர் அங்கேயே இருந்தார். வந்தவர்களிடமெல்லாம் அது எந்த வருடம் வாங்கியது, வாங்கும்போது ஒரு பட்டாணி அளவுதான் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் ரோனாவைப் பற்றித் தாங்கள் அறிந்ததைச் சொன்னார்கள். அவருக்கே தெரியாத விஷயங்களும் அதில் இருந்தன. யாரோ சொன்ன ஒன்றுக்கு அவர் தொடையில் தட்டிச் சிரித்தது ஹாலின் மறுகோடிவரை கேட்டது.

நான்கு மணிக்குக் கூட்டம் கலைந்தது. பெரில் தொட்டியை ஹாலுக்குப் பின்னாலிருந்த சமையலறைக்குத் தூக்கிப்போனாள். ஆழமில்லாத தட்டு ஒன்றில் சலித்த மணலை நிரப்பி, கத்தியும் இடுக்கியும் எடுத்து வைத்தாள். பழுப்பு காலையைவிடப் பெரிதாகியிருந்தது. கத்தியை எடுத்தவள் வெட்டாமல் நின்றாள்.

"நாந்தான கொன்னேன்?" என்றார் பின்னாலேயே வந்து நின்ற வில்ஃப்.

ஹாலில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம். இல்லை என்று சொல்ல எளிதான காரணங்கள் நிறைய இருந்தன. வயசான செடி, ஈரமான குளிர்காலம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமா வில்ஃப். தண்ணிதான். நான் வந்து சொல்லியிருக்கணும். வரல."

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் தோள்கள் எதையோ இறக்கிவைத்ததுபோலத் தளர்ந்தன.

"ரோனா விஷயத்துல யார் தப்பும் இல்லன்னுட்டாங்க டாக்டருங்க. யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாதாம். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்யறதுன்னே எனக்குத் தெரியல பெரில். இது என் தப்புன்னா... அடுத்த தடவை தண்ணி ஊத்தாம இருக்கலாம், இல்ல?"

பெரில் செடியின் நடுவில் கத்தியை இறக்கினாள். பதினாறு வருட மெத்தை ரொட்டிபோலப் பிளந்தது. உள்ளே பாதி கறுத்திருந்தது, பாதி சாம்பல் பச்சை. பூக்களைக் கிள்ளி எடுத்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கொழுந்து ஒன்றைத் தண்டோடு பிரித்து மணலில் ஊன்றினாள். இன்னொன்று. இன்னும் சிலவற்றைப் பிரித்து வைத்துவிட்டு இடுக்கியை அவர் பக்கம் நீட்டினாள்.

"ஐயோ, வேண்டாம். அவ விடவே மாட்டா."

"புடிங்க. இறுக்காம. நுனியை மட்டும்."

லாரி ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்களுக்குள் அந்த இடுக்கி தெரியவேயில்லை. முதல் கொழுந்து நசுங்கியது, இரண்டாவது பறந்துபோய் எங்கோ விழுந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முகத்தைத் தட்டுக்கு அருகே கொண்டுபோனார். மூன்றாவது, இடுக்கியின் நுனியில் நின்றது. தன் மூச்சே அதைத் தள்ளிவிடும் என்று பயந்தவர்போல வாயை இறுக மூடிக்கொண்டார். கன்னம் உப்ப, முகம் சிவக்க, அந்தப் பெரிய மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை மணலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.