சளி போனது, குறட்டை போகவில்லை

சளிக்காய்ச்சலில் ஐந்து நாள் கிடந்தான் வீரமுத்து. சளி போனது, அதுவரை இல்லாத குறட்டை வந்து ஒட்டிக்கொண்டது. தோட்டத்து லயத்து வீட்டில் ஒரே அறை. அவனும் மனைவி பஞ்சாலையும் ஒரு மூலை, அவளுடைய தம்பி சந்திரன் எதிர்மூலை. மூவரில் தூங்கியவன் வீரமுத்து மட்டும்தான்.

ஜப்பான்காரன் வந்தபின் ரப்பர் மரங்களில் பால் வெட்டு நின்றுவிட்டது. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் மரவள்ளிதான் நட்டார்கள்.

"தூங்காம எப்படி மம்பட்டி புடிப்ப? நான் பால் கொட்டாயில போய்ப் படுத்துக்கறேன்லா," என்றான் வீரமுத்து.

பஞ்சாலைக்கு மனம் இளகிவிட்டது. வீட்டிலிருந்த ஒரே கம்பளியைக் கொடுத்தாள். "நான் போறேன் மாமா, நீங்க உடம்பு சரியில்லாதவரு," என்று சந்திரன் சொல்லிப் பார்த்தான். வீரமுத்து கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் நிற்கும்போதே லோரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ராமகிருஷ்ணன் பெயர்களை வாசித்தார். "வீரமுத்து!"

பஞ்சாலை கொட்டகைக்கு ஓடினாள். ஆளும் இல்லை, கம்பளியும் இல்லை.

"வீட்டுக்கு ஒரு ஆளு போயாகணும்," என்று மண்டோர் சந்திரனின் தோளில் கைவைத்தார். பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான்.

"மாமா காட்டுப் பக்கம் ஒதுங்கியிருப்பாரு. வந்ததும் சொல்லி அனுப்புக்கா," என்றபடியே சந்திரன் லோரியில் ஏறினான்.

கொட்டகையில் கிழங்கு மூட்டைகளுக்குக் காவலிருந்த ஆறுமுகத்திடம் அவள் விசாரித்தாள்.

"கொறட்டையா? மூணு நாளா பக்கத்துலதான் படுத்திருந்தேன் தாயி. அவரு எங்க தூங்குனாரு?"

மண்டோர் அவள் முகத்தைப் பார்க்காமலே மிச்சத்தைச் சொன்னார்: "லிஸ்ட்டுல பேரு இருக்குன்னு போன வாரமே அவன்கிட்ட சொல்லிட்டேன். நீ இல்லாட்டி மச்சான்தான்னும் சொன்னேன். சரின்னு தலையாட்டினான்."

பஞ்சாலை நாட்களை எண்ணிப் பார்த்தாள். முதல் இரண்டு நாள் குறட்டை நிஜம். விடிந்ததும் தொண்டை வறண்டு தண்ணீர் கேட்டான். அதன்பிறகு குறட்டைச் சத்தம் மட்டும் கேட்டது, அவன் ஒருநாளும் தண்ணீர் கேட்கவில்லை. இதைக் கவனிக்காமல் அவள் இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்திருந்தாள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். சந்திரன் வரவில்லை. காலராவில் போய்விட்டான் என்றார்கள். அடுத்த மாதம் ஒரு பகல்பொழுதில் வீரமுத்து வாசலில் வந்து நின்றான்.

"பயந்துட்டேன் புள்ள. உங்கிட்ட சொன்னா விடமாட்டியேன்னு..."

"எங்கிட்ட சொல்ல வேணாம். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவனும் உன்கூட ஓடியிருப்பான்."

அவள் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரமே பாரோய்ப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பெயர்ப் பதிவேட்டைத் திறந்த கிராணி புருஷன் பெயரைக் கேட்டார். பஞ்சாலை தன் அப்பா பெயரைச் சொன்னாள்.