மஞ்சள் புள்ளி

"மார்ச் 11, புதன். நேற்று 'தெரு முழுக்க 41 மி.மீ.' என்று எழுதியது தவறு. அளந்தது எங்கள் வீட்டு வாசலில் மட்டும்."

வாத்தியார் இன்னும் வரவில்லை. பொற்கொடி டைரியின் மேல் பேனாவை வைத்தாள். பகலில் ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலை; மாலையில் இந்த டிப்ளமோ வகுப்பு. நேற்று தெருவில் புதுத் தார் விழுந்ததும் அதன் விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தாள். நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று. அந்தச் சந்தோஷத்தில், தெருவின் பள்ளத்து முனையில் குடியிருக்கும் முனிலட்சுமியிடம் போய்ச் சொன்னாள். போன மழையில் அங்கேதான் பூக்கூடையோடு வண்டி சறுக்கி முனிலட்சுமிக்கு மணிக்கட்டு முறிந்தது. புது ரோட்டின் கனத்தைச் சோதிக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதி வைத்திருந்தவள், "நீ அளந்தா சரியாத்தான் இருக்கும் பாப்பா. நான் ஒருத்தி, மனு கினுன்னு" என்று சிரித்துக்கொண்டே அதைக் கிழித்துப் போட்டாள்.

இன்று வேலை முடிந்து வரும்போது, ஏதோ உறுத்தி, முனிலட்சுமி வாசலிலும் குனிந்தாள். இருபத்திரண்டு. ஸ்கேலைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று மறுபடி வைத்தாள். இருபத்திரண்டுதான்.

"ஏம்மா, ரோட்டுக்கு ஜுரமா?" என்றார் ரோலர் பக்கத்தில் நின்ற மேஸ்திரி.

"மேல ஒரு அளவு, இங்க ஒரு அளவா இருக்குதுங்கண்ணா."

"நாளைக்கு இன்ஜினியர் வந்து தார்ல ஒரு எடத்துல ஓட்டை போட்டு கனம் பாப்பாரு. அவரு சொல்றதுதான் அளவு."

"எங்க போடுவாரு?"

"எனக்கென்ன தெரியும்? நாங்க நாளைக்குத் தளி ரோட்டு வேலைக்குப் போயிருவோம். இன்ஜினியரை வேற ஆளு கூட்டியாருவான்."

சொல்லும்போதே அவர் கண் மேட்டுப் பக்கம் ஒருமுறை போய்வந்தது. அவள் வீடு இருக்கும் பக்கம்.

வகுப்புக்கு முன் வீட்டுக்குப் போனதும் சுற்றுச்சுவரைப் பார்த்தாள். அடியில் ஒரு மஞ்சள் பெயிண்ட் புள்ளி. தார் போடுவதற்கு முந்தின நாளே இருந்தது. தண்ணீர்க் குழாய்க்காரர்கள் வைத்தது என்று நினைத்திருந்தாள். அந்தப் புள்ளிக்கு நேரே மட்டும் சாலை சற்றுப் புடைத்திருந்தது. நாளை வரும் ஆளுக்கு, எங்கே ஓட்டை போடுவது என்று காட்டும் அடையாளமோ? மேஸ்திரியைத் தப்பாக நினைக்கிறோமோ என்றும் தோன்றியது. ஆனால் அந்த வழக்கம் அவளுக்குத் தெரியும். கம்பெனியில் தரம் பார்க்க ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் நல்ல பீஸ்களாகப் பொறுக்கி ஒரு தட்டில் அடுக்கி, மஞ்சள் மார்க்கரால் தட்டின் ஓரத்தில் புள்ளி வைப்பவளே அவள்தான்.

வகுப்பு வராந்தாவில் வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக எழுதினாள்.

"நாளை: காலை ஆறரைக்குள் எங்கள் சுவர்ப் புள்ளியைப் பெயிண்ட் தின்னரால் அழிக்க வேண்டும். முனிலட்சுமி அக்கா சுவரில் அதே மாதிரி ஒன்று வைக்க வேண்டும். விட்டம் 30 மி.மீ. இரண்டு முறை அளந்தேன்."