கல்லாமையின் முதுகில்

1

முதலே சொல்லிப்போடுறன்: இந்தக் கதை கேசிகாவிட்டை இருந்து நான் பறிச்சது. இத்தாலியிலை, போர்கோ வெக்கியோச் சந்தையிலை மீன் வாங்கிக்கொண்டு நிண்ட என்னை மறிச்சு, "அண்ணை, நான் வியட்நாம் போய் வந்திட்டன்!" எண்டு கத்தினாள். வுச்சீரியாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவிக்கொண்டு கதை எழுதிறவன் நான். வலிய வந்ததை விடுவனோ?

2

நான் எழுதின முதல் தொடக்கம்: "1998ஆம் ஆண்டு, ஹனோய் நகரில், கன்பூசியஸ் என்னும் மகானின் ஆலயத்தில், வரலாற்றின் மௌனம் —"

சீ! பாடப்புத்தகம்.

இன்னொண்டு: கேசிகா வேலை செய்யிற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா எமிலியானாவுக்கு முழங்கால் ஏலாது. கைபிடிக்க ஆள் வேணுமெண்டு இவளையும் கூட்டிக்கொண்டு போனா. கன்பூசியஸுக்குக் கட்டின கோயில், அந்தக் காலத்துப் பெரிய படிப்பிடமும் அதுதான். சோதனை பாஸ் பண்ணினவையின்ரை பேரைக் கல்லிலை வெட்டி, கல் ஆமைகளின்ரை முதுகிலை நட்டு வைச்சிருக்கினம்.

(கல் ஆமை. சேர்த்து எழுதிப் பாருங்கோ: கல்லாமை! படிச்சவையைச் சுமக்கிறது கல்லாமை! நான் துள்ளிக் குதிச்சன். கேசிகா சிரிக்கேல்லை. "உங்கடை பகிடி இத்தாலியனிலை எடுபடாது அண்ணை.")

3

அவளுக்கு இந்தக் கதை இத்தாலியனிலைதான் வேணும். ஊரிலை ஏ.எல். சோதனை எடுக்கிற நேரம் சண்டை, இடம்பெயர்வு. படிப்பு அதோடை நிண்டது. இஞ்சை பின்னேர வகுப்புக்குப் போய், இப்ப வாய்மொழிச் சோதனை. பாஸ் பண்ணினால் தாதிமாருக்கு உதவியாள் படிப்பிலை சேரலாம். இல்லாட்டி வீடு கூட்டுற தும்புத்தடிதான். சோதனையிலை கதைக்க அவள் எடுத்த விசயம் இந்தக் கோயில்.

4

நான் வெட்டின பந்தி இது. அவள் திருப்பி எழுத வைச்சாள்.

வாசலிலை செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை போனாளாம். ஊதுபத்தி கொளுத்தின ஆளை ஐயரெண்டு நினைச்சு, "கேசிகா, உத்தர நட்சத்திரம்" எண்டாளாம். அந்தாள் முழிச்சுது. சிஞ்ஞோரா, "இது சாமியில்லை, ஆசிரியர்" எண்டா.

"வாத்தியாரோ? அப்ப இன்னும் நல்லது" எண்டு கும்பிட்டாளாம்.

"பிள்ளை, இதைச் சோதனையிலை சொல்லாதையும். சிரிப்பினம்" எண்டன் நான்.

"சொல்லுவன். மற்றதெல்லாம் புத்தகத்திலை கிடக்கு. அண்ணன்மாருக்கும் அம்மாவுக்கும் எத்தினை அருச்சனை செய்தனான்! என்ரை பேரைச் சொன்னது அண்டைக்குத்தான்."

நான் பேனையை எடுத்துத் திருப்பி எழுதினன்.

5

இப்ப ஒரேத்தோப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலை நிண்டு எழுதிறன். அவள் உள்ளுக்கை, சோதனையிலை. ரண்டு முடிவு கைவசம் வைச்சிருக்கிறன். ஒண்டிலை பாஸ். மற்றதிலை அவள் வெளியிலை வந்து —

உள்ளுக்கை சிரிக்கினம்! ஐயோ, அருச்சனைக் கதையைச் சொல்லிப்போட்டாள்!

என்ன சிரிப்பு இது? நக்கலோ, சந்தோசமோ? கதவுக்கு இஞ்சாலை நிக்கிற எனக்கு விளங்கேல்லை. ஆனால் சிரிப்பு அடங்க முன்னமே கேசிகாவின்ரை குரல், முந்தினதைவிடப் பலமாய், நிப்பாட்டாமல் கதைக்குது.

ரண்டு முடிவையும் கிழிச்சுப்போட்டன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ. எனக்கு நேரமில்லை, அவள் கதைக்கிறதைக் கேக்கவேணும்.