பனிமலைக்குப் பின்னால்

வெள்ளைத் துணித் திரையை மறைப்பாக முன்னால் தள்ளிக்கொண்டு, பனித்தரையில் இவாலு வயிற்றால் ஊர்ந்தாள். கடல்நாய் தலை தூக்கும்போதெல்லாம் அசையாமல் கிடந்தாள். அது மறுபடி கண்ணயர்ந்ததும் நகர்ந்தாள். வீட்டில் கணவர் மசாவுனாவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. போகுமுன் கடல்நாயின் பச்சை ஈரல் ஒரு துண்டு வேண்டும் என்பதைத் தவிர மனிதர் வேறெதுவும் கேட்கவில்லை.

இந்த வருஷம் பார்த்துத்தானா இப்படி ஆகவேண்டும்! வளைகுடாவில் கடல்மேல் உறைந்திருந்த பனித்தரையைக் காற்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ஏறிப் படுத்து வெயில் காய இடமில்லாவிட்டால் கடல்நாய் எதற்கு வரும்? ஆண்களோ பழக்கதோஷத்தில் அங்கேயே போய் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கடலில் மிதந்து வந்து தரைதட்டி நின்ற பனிமலைக்குப் பின்னால் எவனும் போகமாட்டான். அது எப்போது புரளும் என்று சொல்ல முடியாது. குடிதண்ணீருக்கு அதில் பனி வெட்டி வருகிறவள் இவாலுதானே! மலை காற்றைத் தாங்கிக்கொண்டதால் அதன் மறைவில் பனித்தரை கெட்டியாக இருந்ததையும், அதில் கடல்நாய் ஏறி இறங்கும் ஒரு மூச்சுத்துளையின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

சொன்னபோது கொழுந்தன் இலாங்கு சிரித்தான். "உங்களுக்காக அங்க தலகாணி போட்டுப் படுத்திருக்குமாக்கும், அண்ணி?"

அவள் அவனிடமிருந்தே துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரே வெடி. கடல்நாய் துளைக்குள் நழுவாமல் அப்படியே சாய்ந்தது. பனிமலை எங்கோ உள்ளே முனகியது. இவாலு ஓடவில்லை. வாயில் பனியை உருக்கி, கடல்நாயின் வாயில் நல்ல தண்ணீர் விட்டாள். உப்புக்கடலில் வாழ்ந்த உயிர் தாகத்தோடு போகக்கூடாது. பிறகுதான் கயிற்றைக் கட்டினாள்.

மசாவுனா ஈரலை வெகுநேரம் மென்றார்.

"எங்க படுத்திருந்துச்சு?"

"பனிமலைக்குப் பின்னாடி."

"யாரு சுட்டது?"

"வேற யாரு, நான்தான்."

"கேட்டியாடா?" என்று தம்பியைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட இவாலு இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. சிரிப்பு அடங்கியபோது மூச்சும் அடங்கியிருந்தது. பனிமலைத் தண்ணீரை ஒரு சொட்டு அவர் உதட்டில் விட்டாள்.

குழிமேல் கல் அடுக்கிவிட்டு ஊரே வீட்டில் கூடியது. பெரிய பானையில் கறி கொதித்தது. அவளே எல்லோருக்கும் பங்கு வைத்தாள். கடைசியாக இலாங்கு கிண்ணத்தை நீட்டினான்.

"நாளைக்கு நானும் வரட்டுமா, அண்ணி?"

கொழுப்புள்ள துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

"திரை என்கிட்ட இருக்கும். நீ கயிறு எடுத்துட்டு வா."

அவன் சாப்பிட்டு முடித்து, மூலையில் கிடந்த ஈரக்கயிற்றைச் சுருட்ட உட்கார்ந்தான்.