அகல்யாவின் அறுபது மணி நேரம்

நசரத்பேட்டையைத் தாண்டி இருக்கும் அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரு சட்டம். செமஸ்டருக்கு அறுபது மணி நேரம் நூலகத்தில் இருந்தவர்கள்தான் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகலாம். வாசலில் ஒரு மிஷின். உள்ளே வரும்போதும் கார்டைத் தேய்க்க வேண்டும், போகும்போதும் தேய்க்க வேண்டும். ஒன்று விட்டாலும் அன்றைய நேரம் சேராது.

நூலக உதவியாளர் சம்பந்தத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் கல்லூரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடிக்காவிட்டால் அவருக்கு உயிரே போய்விடும். அதனால் நாலரைக்கே மிஷினை அணைத்துவிட்டு, பூட்டோடு நிற்பார். விஜய் என்ற மாணவனின் கோஷ்டிக்கு அதனால் நஷ்டமில்லை. மத்தியானம் தேய்த்துவிட்டுக் கேன்டீனில் அரட்டையடித்து, நாலு மணிக்கு வந்து மறுபடி தேய்த்துவிட்டுப் போகும்.

வேப்பம்பட்டிலிருந்து வரும் அகல்யாதான், வகுப்பு முடிந்ததிலிருந்து பூட்டும்வரை தலை நிமிராமல் படிக்கிற பைத்தியம். மிஷின் அணைந்திருக்கிறதே என்று முதல் வாரமே கேட்டாள். உள்ளே வரும்போது தேய்த்தால் போதும் என்று வாய்கூசாமல் சொன்னார் சம்பந்தம். அவளும் நம்பினாள்.

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்பு பட்டியல் ஒட்டினார்கள். விஜய்க்குத் தொண்ணூறு மணி நேரம். அகல்யாவுக்குப் பூஜ்ஜியம்.

துறைத் தலைவி ராஜகுமாரி அகல்யாவையும் சம்பந்தத்தையும் அறைக்குக் கூப்பிட்டார். மிஷினைப் பற்றி அகல்யா வாயே திறக்கவில்லை. தினமும் வந்தேன், அண்ணாவையே கேளுங்கள் என்றாள். அவர் உண்மையைச் சொல்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சம்பந்தம் அவசரமாகக் கணக்குப் போட்டார். வந்தாள் என்றால், பிறகு ஏன் பதியவில்லை என்று கேட்பார்கள். வேலை போய்விடும்.

"நான் பாத்ததில்ல மேடம்," என்றார். அந்த மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுங்க கார்டத் தேச்சிட்டு கேன்டீனுக்கு ஓடிடுதுங்க."

பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி அகல்யாவிடம் கேட்டார் ராஜகுமாரி. எழுதாவிட்டால் ஹால் டிக்கெட்டும் கிடையாது என்றார். நூலகம் வந்ததாகப் பொய் சொன்னேன் என்று அகல்யா தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வராந்தாவில் சம்பந்தத்தை நிறுத்தினாள்.

"உங்க வேலைக்கு ஆபத்துன்னுதாண்ணா மிஷின் விஷயத்த சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

வெட்கத்தைவிடப் பயம்தான் அவருக்கு முந்திக்கொண்டு வந்தது. இவள் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டால்?

"இப்ப போய்ச் சொல்லித்தான் பாரேன்," என்றார். "பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் குடுத்துகீற. உன்ன எவன் நம்புவான்?"