பம்பரத்துக்கு ஒரு மைக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் உள்ளத்தில் தானாக ஊற்றெடுத்ததெல்லாம் இல்லை. செத்துப்போன ஒரு சிரிப்பு நடிகருக்கு ரசிகர் மன்றம் நினைவு மலர் போடுகிறது. மன்றத்துச் செயலாளர் போன் பண்ணினார். “ஜாலியா ஒரு கதை வேணும் சார். ஆனா படிக்கிறவன் கடைசியில கண்ணைத் துடைக்கணும்.” தையல்காரரிடம் அளவு சொல்கிற மாதிரி சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன்.

முதல் வரி: ‘சிரிப்பு இன்று அநாதையானது.’ அடித்துவிட்டேன். மன்றத்துப் போஸ்டரில் ஏற்கெனவே அதைத்தான் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது: ‘வானமே கண்ணீர் விட்ட அந்தக் காலையில்—’ வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.

2

சரி, ஆளைக் காட்டிவிடுகிறேன். பம்பரம். சொந்தப் பெயர் ஒரு படத்திலும் வந்ததில்லை, நாமும் நோண்ட வேண்டாம். படத்துக்குப் படம் அண்ணனிடம் (ரசிகர்களுக்கு அந்த நடிகர் அண்ணன்தான்) கன்னத்தில் ஓர் அறை வாங்குவார். வாங்கியதும் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி விழுவார்.* வசனம் கிடையாது. தியேட்டரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

* அந்தச் சுற்று அண்ணனின் கற்பனை என்று மலரில் கட்டுரையே வருகிறது. மண்ணாங்கட்டி. கை வரும்போதே கூடச் சுற்றிவிட்டால் காதுக்குச் சேதம் குறைவு என்று பம்பரம் கண்டுபிடித்த தற்காப்பு அது. [இந்தக் குறிப்பை எடுக்கச் சொல்கிறார் செயலாளர். எடுக்க மாட்டேன்.]

மற்ற நடிகர்கள் கையைக் காற்றில் வீசுவார்கள், சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள். அண்ணனுக்கு அது ஒத்துவராது. “நிஜமா விழுந்தாத்தான்டா மூஞ்சி நிஜமா கோணும்” என்பாராம். “அண்ணே, கொஞ்சம் மெதுவா” என்று பம்பரம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். அடுத்த டேக்கில் இன்னும் பலமாக விழுந்தது. இடது காது அதோடு போயிற்று.

3

நினைவுக் கூட்டத்துக்குப் பம்பரத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸில் அவருடைய வலது பக்கம் மகள் உட்கார்ந்திருந்தாள்.

“என்னப்பா பேசப் போறீங்க?”

“பெரிய மனுஷன், தங்கமானவரு, அப்படி ரெண்டு வார்த்தை…”

“காது?”

“செத்தவரைப் பத்தி எதுக்கும்மா.”

“உயிரோட இருந்தப்போ சான்ஸ் போயிடும்னீங்க. இப்போ செத்துட்டாருங்கிறீங்க. அப்போ எப்பதான்பா சொல்லுவீங்க?”

பம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே சொன்னார்: “அவர் போயிட்டாருன்னு கேட்டதும் முதல்ல அப்பாடான்னு இருந்துச்சும்மா. அதுக்கப்புறம்தான் அழுகை வந்துச்சு. ரெண்டுமே நிஜம்.”

“இதையே மைக்ல சொல்லுங்க. சொல்லாம இறங்கி வந்தீங்க, உங்களோட பேசவே மாட்டேன்.”

(இந்த மகள்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு கச்சிதமாகக் கேள்வி கேட்கிற மகள் கதையில்தான் இருப்பாள். முதல் வரைவில் காய்ச்சல் வரவைத்து அவளை வீட்டிலேயே படுக்கப்போட்டேன். பம்பரம் தனியாகப் போனார், வாயே திறக்காமல் திரும்பி வந்தார். கதை படுத்துவிட்டது. காய்ச்சலை இறக்கி அவளை பஸ்ஸில் ஏற்றினேன்.)

4

மேடையில் அண்ணனின் ஆளுயரப் படம். ஒருவர் அண்ணன் மாதிரி நடந்து காட்டி அஞ்சலி செலுத்தினார். இன்னொருவர் அண்ணன் மாதிரி தும்மினார். யாராவது கைக்குட்டையை எடுத்தால் உடனே ஒரு தும்மல் வந்து கெடுத்துவிடும். இவ்வளவு கொண்டாட்டமான துக்கத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். “அண்ணனுக்கு நாம செய்யற மரியாதை என்ன? அந்த அறை! இதோ நம்ம பம்பரம் அண்ணன். ஆளுக்கு ஒண்ணு!”

விசில் பறந்தது. சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, செல்போனைப் படமெடுக்கப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, வரிசை கட்டினார்கள். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, பாசம்தான்” என்றான் முதலில் நின்றவன். கீழே மகள் விருட்டென்று எழுந்துவிட்டாள்.

பம்பரம் செயலாளரிடமிருந்து மைக்கை வாங்கினார். “எனக்கு ரெண்டு வார்த்தை பேசணும்.”

கொல்லென்று சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவர் குரலை யாரும் கேட்டதே இல்லையே! “டைமிங்கைப் பாருடா!” என்று ஒரு சத்தம்.

“அண்ணன் என்னை நிஜமாவே அடிச்சாரு.”

கைதட்டல்.

“இந்தக் காது கேக்காது.”

ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

5

இப்போது முடிவு. எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

பம்பரம் செயலாளரின் கன்னத்தில் ஒன்று விடுகிறார். எழுதும்போது என் கைக்கே இனித்தது. ஆனால் கூட்டம் அதற்கும் விசிலடித்தது, செயலாளர் குஷியாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

மகள் மேடையேறிப் பொரிந்து தள்ளுகிறாள், எல்லோரும் வெட்கித் தலைகுனி— சே! எந்தக் கூட்டம் ஐயா தலைகுனிந்திருக்கிறது?

செயலாளர் ஆசைப்படுவது: அறை விழுகிறது, பம்பரம் சுற்றுகிறார், படத்தில் அண்ணன் புன்னகைக்கிறார். “இதையே போட்டுடலாம் சார், அச்சுக்குப் போகணும்.” இதற்கு நானும் பேசாமல் அந்த வரிசையில் போய் நின்றிருக்கலாம்.

எதுவும் வேண்டாம். முதலில் நின்றவன் கையை ஓங்கிவிட்டான். பம்பரத்தின் உடம்பு பழக்கதோஷத்தில் சுற்றப் பார்க்கிறது. அவர் காலை அழுத்தி ஊன்றிக்கொள்கிறார். “யாராவது ஒருத்தர் சிரிக்காம கேளுங்க. ஒரே ஒருத்தர் போதும்” என்கிறார். அதற்கும் சிரிக்கிறார்கள். மகள் சிரிக்கவில்லை, ஆனால் பெற்ற மகள் கணக்கில் வரமாட்டாள். நானும் வரமாட்டேன். எனக்கு மலரில் பெயர் வரப்போகிறது.

மிச்சம் நீங்கள்தான். மகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். பம்பரம் உங்களைப் பார்த்துவிட்டார். கையை ஓங்கியவனும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறான். நீங்கள் சிரித்தால் அடித்துவிடுவான்.