ஏறிய எடை

உலகநாதன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். ஒரு டம்ளர் குடித்துவிட்டு மீதியை மூடி வைத்தான். சாயங்காலம் அது திரிந்திருக்கும், கொட்டுவான். பெருக்கும்போது கதவோரம் இருந்த புது ரப்பர் செருப்பை எடுத்து நாற்காலிமேல் வைத்தான். பெருக்கி முடித்ததும் மறுபடி அதே இடத்தில் வைத்தான். சிவப்பு வார், கடைச் சீட்டு இன்னும் கிழிக்கவில்லை. இரண்டு மாதமாக இப்படித்தான். கதவைப் பூட்டிக்கொண்டு ஏழு பத்து வண்டிக்கு நடந்தான்.

ஆவடி ஸ்டேஷனில், எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் கஜபதி நின்றிருந்தான். செத்துப்போன மனைவி கஸ்தூரியின் தம்பி. டாங்கி தொழிற்சாலையில் ஃபிட்டர்.

“இன்னா மாமா, எளச்சிப் போய்க்கீற. துன்றியா இல்லியா?”

“சாப்புடுறேன்.”

“இந்தா, அம்மா குட்த்துச்சு. கருவாட்டுக் கொயம்பு. ஆபீஸ்ல தொறந்தீனா பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சு ஓடிருவான்.”

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. உலகநாதன் தூக்கை வாங்கிக்கொண்டான். ஷிஃப்டுக்கு நேரமாகியும் கஜபதி நகரவில்லை.

“இன்னிக்கு ஃபேக்டரில ரத்ததான முகாம் மாமா. சூப்பர்வைசர் என் பேர எழுதிட்டாரு. மாட்டேன்னுட்டேன்.”

“ஏன்?”

“என் ரத்தம் யாருக்கும் வாணாம். அக்காவுக்குக் குட்த்ததே போதும்.”

கஸ்தூரிக்கு ரத்தப் புற்றுநோய். வீட்டில் கஜபதியின் எலும்பு மஜ்ஜை மட்டும்தான் பொருந்தியது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். பத்தொன்பதாம் நாள் இறந்துபோனாள்.

“உன் மஜ்ஜை அவள ஒண்ணும் பண்ணல.”

“சும்மா சொல்லாத. கடைசியா ‘கஜா, கஜா’ன்னுச்சுன்னு நீதான மாமா சொன்ன? என் பேர ஏன் சொல்லணும்? என்னாலதான்னு அதுக்குத் தெரிஞ்சிகீது.”

பிணம் எடுத்த வீட்டில் மாமியார் நாகவல்லி உலகநாதனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எம் பொண்ணு இன்னா சொல்லிச்சு, சொல்லு” என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னான். தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தான்.

ஏழு பத்து வந்து போயிற்று. அவன் ஏறவில்லை.

டாக்டர் தன்னிடம் சொன்னதைச் சொன்னான். மஜ்ஜை ஏற்றும் முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான மருந்து கொடுப்பார்கள். சிலருக்கு அது ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிடும். குழாய்கள் அடைத்துக்கொள்ளும், ரத்தம் போக வழியிருக்காது, உடம்பில் நீர் தங்கும். கஸ்தூரி போனது அதில். கஜபதியின் மஜ்ஜை பதினாறாம் நாளே பிடித்துவிட்டது. சோதனையில் புது அணுக்கள் தெரிந்தன.

“புட்ச்சிகிச்சா? இத்தினி நாளா ஏன் மாமா சொல்லல?”

“சொன்னா எடையையும் சொல்லணும்.”

ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறைக்குள் நர்ஸ் தினமும் கஸ்தூரியின் எடை பார்த்துப் பலகையில் எழுதுவாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டரை. நாற்பத்து நாலு. வெளியே நின்று அவன் பூரித்துப்போனான். இரண்டு வாய் கஞ்சி இறங்காதவளுக்கு எடை எப்படி ஏறுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மாமியாருக்குச் சொல்லி அனுப்பினான். நசரத்பேட்டையில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். குழாய்கள் கெடுவதை முதலில் காட்டுவதே எடைதான் என்று பிறகுதான் தெரிந்தது. எடை ஏறிய முதல் நாளே டாக்டர்கள் கண்டு வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார்கள். அதற்குச் சந்தோஷப்பட்டுச் சேதி சொன்னது அவன்தான்.

“அந்தப் பொங்கல நானும் துன்னேன் மாமா” என்றான் கஜபதி. இயந்திரத்தின் விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. “அப்ப என் பேர சொல்லல?”

“சொல்லல. நானா சொன்னது.”

கஜபதி முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சரி, முகாமுக்குப் போறேன். நெஜமா அது இன்னாதான் சொல்லிச்சு?”

அது பதினாறாம் நாள் சாயங்காலம். மறுநாள் நினைவு தப்பிவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே கட்டிலில் உட்கார்ந்தபடி கஸ்தூரி, வெளியில் நிற்பவரோடு பேசும் போனை எடுத்தாள். பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அவளும் எடையைப் பார்த்திருந்தாள், சிரித்த முகமாக இருந்தாள். வீட்டுக்கு நடந்து போகும் நினைப்பில் இருந்தாள்.

உலகநாதன் அதை அப்படியே சொன்னான்.

“செருப்புல காலு பூரல. ஏழாம் நம்பரு வாங்கியாந்துடு. நீல வாரு வாணாம்.”